சிமுலேட்டரில் 08 ஷண்டர் ஓட்டப் போகிறவர்களுக்கு

மெயின் லைன் வண்டிகளை ஓட்டிக் கை பழகியவரிடம் பிரிட்டிஷ் ரெயிலின் கிளாஸ் 08 ஷண்டரை, அதாவது யார்டில் பெட்டிகளை இடம் மாற்றும் சிறிய டீசல் லோகோவை, கொடுத்தால், முதல் அரைமணிக்குள் இரண்டில் ஒன்று நடக்கும். நிற்கும் பெட்டியில் மோதி, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்துபோகும். அது தப்பினால் சைடிங் எனும் பக்கப் பாதையின் கடைசியில் இருக்கும் பஃபர் ஸ்டாப், அதாவது தடுப்பு, உடைந்துபோகும். உச்ச வேகமே மணிக்கு 15 மைல்தானே, இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்புதான் காரணம். வேகம் குறைவுதான். ஆனால் பின்னால் 200, 300 டன் நிற்கும், அதைப் பிடித்து நிறுத்த பெரும்பாலும் லோகோவின் ஆறு சக்கரங்கள் மட்டுமே இருக்கும். எஞ்சின் எப்படி இழுக்கிறது என்பதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். எங்கே நிற்கும் என்று கணிக்கத்தான் நாள் பிடிக்கும். அதனால் இந்தப் பதிவில் பிரேக்கைப் பற்றித்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1952 முதல் 1962 வரை டெர்பி, டார்லிங்டன், க்ரூ, டான்காஸ்டர், ஹார்விச் பட்டறைகளில் 996 கட்டினார்கள். பிரிட்டனில் ஒரே வகையில் இத்தனை லோகோ வேறு எதுவும் கிடையாது. அங்கே ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் க்ரான்க். பழைய பாதைகளைக் காப்பாற்றி ஓட்டும் பாரம்பரிய ரயில்வேக்களில் இன்றும் பல டஜன் 08-கள் இருக்கின்றன. நீராவி எஞ்சின் பார்க்கப் போகிறவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். காலையில் ரேக்கை (இணைத்த பெட்டி வரிசையை) நடைமேடைக்குக் கொண்டுவருவதும், பட்டறைக்கும் சைடிங்குக்கும் பெட்டி மாற்றுவதும் இதன் வேலை.

6 சக்கரம், சுமார் 49 பிரிட்டிஷ் டன் எடை, இங்கிலிஷ் எலெக்ட்ரிக் 6கேடி எஞ்சின், 680 சுற்றில் 350 குதிரைத்திறன். எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் இரண்டு மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுக்கும், இரட்டைப் பல்சக்கரம் வழியாக விசை அச்சுக்குப் போகும். ஆறு சக்கரங்களையும் வெளியே தெரியும் இணைப்புத் தண்டுகள் கட்டிப்போட்டிருக்கும். அதனால் வழுக்கினால் ஒரு அச்சு மட்டும் வழுக்காது, ஆறும் சேர்ந்தே வழுக்கும்.

இனி எண்களுக்கு வருவோம். சிமுலேட்டரில் ஒரு 08 மாடல் ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்று பார்ப்பதற்கும் இவைதான் உதவும். தொடக்க இழுவிசை 35,000 பவுண்டு, அதாவது 156 கிலோநியூட்டன். எஞ்சினில் 350 குதிரைத்திறன் இருந்தாலும் தண்டவாளத்துக்கு வந்து சேர்வது 260தான். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், முழு இழுவிசை 2.8 மைல் வேகம் வரைதான் கிடைக்கும் என்று தெரியும் (வேகம் சொல்லும்போது மைல் என்றால் மணிக்கு மைல்). அதற்கு மேல் சரிவுதான்: 5 மைலில் 19,500 பவுண்டு, 10 மைலில் 9,750, 15 மைலில் 6,500. மோட்டார் சூடேறாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தாங்கும் அளவு 8.8 மைலில் 11,100 பவுண்டு.

ஓபன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டரில் எஃப்5 அழுத்தி, ஷிஃப்ட்டோடு சேர்த்து மேலும் சில முறை அழுத்தினால் விசை விவரப் பக்கம் வரும். பாரத்தோடு 10 மைல் வேகத்தில் பவர் கைப்பிடியை முழுக்கத் திறந்து அதைப் பாருங்கள். 43 கிலோநியூட்டன் பக்கம் காட்டினால் மாடல் சரி. 58 காட்டினால், செய்தவர் எஞ்சினின் 350-ஐ அப்படியே சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். இந்தத் தவறு ஏன் சுலபமாக நடக்கிறது என்றால், 350 குதிரைத்திறனைக் கிலோவாட்டுக்கு மாற்றினால் 261 வரும். சக்கரத்தில் கிடைக்கும் குதிரைத்திறனோ 260. இரண்டு எண்களும் ஒட்டி நிற்பதால், அலகைக் கவனிக்காதவர் சரியாகத்தான் போட்டிருக்கிறோம் என்று நம்பிவிடுவார். தண்டவாளத்தில் கிடைப்பதைக் கிலோவாட்டில் எழுதினால் 194.

மாடலின் பெயரில் 09 என்றிருந்தால் வேறு கணக்கு. கிளாஸ் 09-இல் எஞ்சின் அதேதான், பல்சக்கர விகிதம் மட்டும் வேறு. உச்ச வேகம் 27 மைலுக்கு ஏறும், தொடக்க இழுவிசை 25,000 பவுண்டாக இறங்கும். பாரம்பரிய ரயில்வேக்களில் பொதுவாக 25 மைல்தான் உச்சவரம்பு என்பதால் 09 அங்கே பாதை நெடுகிலும் சமாளித்துவிடும். 08-ஐ ஸ்டேஷன் எல்லைக்குள் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

கேபின் ஒரு முனையில், முன்னால் நீண்ட மூக்கு. கட்டுப்பாடுகள் இடப்புறமும் வலப்புறமும் இரட்டையாக இருக்கும். எந்தப் பக்கம் ஷண்டர், அதாவது கீழே நின்று கை காட்டுபவர், நிற்கிறாரோ அந்தப் பக்கம் நின்று ஓட்டத்தான் இந்த ஏற்பாடு. லோகோவின் மொத்த நீளம் 29 அடி 3 அங்குலம். மூக்கு முன்னால் போகும்போது அந்தக் கடைசியில் இருக்கும் பஃபர் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வெளிக் கேமராவுக்கு ஓடாமல், ஓபன் ரெயில்ஸில் ஹோம், எண்டு விசைகளால் தலையை வெளியே நீட்டிப் பார்க்கும் பார்வையில் பழகுங்கள். வெளிக் கேமராவில் இடைவெளி அப்பட்டமாகத் தெரிவதால் தூரம் கணிக்கும் பழக்கமே வராமல் போய்விடும்.

எஞ்சினைக் கிளப்பும் வரிசையை விரிவான மாடல்கள் ஓரளவு அப்படியே கேட்கும். பேட்டரி சுவிட்சைப் போடுங்கள். கைப்பிரேக் இறுக்கியிருக்கிறதா, ரிவர்சர் (திசை மாற்றும் கைப்பிடி) நடுவில் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்டார்ட் பொத்தான். தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இதில் இல்லை. பேட்டரி மின்சாரத்தில் மெயின் ஜெனரேட்டரே மோட்டாராக மாறி எஞ்சினைச் சுற்றும். எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை விரலை எடுக்கக் கூடாது. ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுத்தால் எஞ்சின் இருமிவிட்டு நின்றுவிடும், பலர் அதை மாடலில் உள்ள கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் உடனே கைப்பிரேக்கைத் தளர்த்துவதும் தவறு. காற்றுத் தொட்டி காலியாக இருக்கும்போது லோகோ பிரேக் என்று ஒன்று இல்லவே இல்லை. கம்ப்ரஸர் ஓடி மெயின் ரிசர்வாயர் முள் ஏறி நின்றபின், லோகோ பிரேக்கைப் போட்டு சிலிண்டர் முள் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கைப்பிரேக்கில் கை வைக்க வேண்டும்.

நகர்த்தும்போது கைப்பிடியைக் கொஞ்சம் திறந்து அம்மீட்டரைப் பாருங்கள். ஜெனரேட்டர் வேகம் பிடித்து மோட்டாருக்கு மின்சாரம் ஏற ஒரு கணம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து இன்னும் திறந்தால் இரண்டும் சேர்ந்து வந்து வண்டி துள்ளும். வண்டி அசைந்ததும், வேண்டிய வேகத்தில் பாதிக்கு மேல் வந்தவுடனேயே கைப்பிடியை மூடிவிடுங்கள். மீதி தானாக வரும், பிறகு உருண்டுகொண்டு போகும். ஷண்டிங் வேலையில் பவர் கைப்பிடி திறந்திருக்கும் நேரம் மூடியிருக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. எந்நேரமும் பவரும் பிரேக்கும் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தால் ஓட்டுமுறையில் தப்பு இருக்கிறது.

35,000 பவுண்டை 49 டன்னால் வகுத்தால் 0.32 வரும். காய்ந்த தண்டவாளத்தில் மணல் போட்டால்தான் அவ்வளவு பிடிப்பு கிடைக்கும். மழைத் தூறலில் 0.15 கிடைத்தாலே பெரிது; அப்போது 16,500 பவுண்டுக்கு மேல் எவ்வளவு திறந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். வழுக்கினால் கைப்பிடியை மூடி, மணல் போட்டு, மறுபடி மெதுவாகத் திறக்க வேண்டும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மணலைப் போட்டால், பிடிப்பு திடீரென்று வந்து இணைப்புத் தண்டுக்கும் பல்சக்கரத்துக்கும் அடி விழும். இன்னொன்று, பிரேக் பிடித்து நிற்கும் நிலையில் கைப்பிடியைத் திறந்து வைத்திருக்காதீர்கள். சுற்றாத மோட்டாரில் மின்சாரம் ஒரே இடத்தில் பாய்ந்து கம்யூட்டேட்டர் தீயும். பெரும்பாலான சிமுலேட்டர்கள் இதற்குத் தண்டனை தருவதில்லை, அதனால் இந்தக் கெட்ட பழக்கம் வேகமாக ஒட்டிக்கொள்ளும். ரிவர்சரும் அப்படியே. வண்டி முழுக்க நிற்காமல் திசை மாற்றக் கூடாது.

2 மைலுக்குக் கீழே ஸ்பீடோமீட்டர் முள்ளை நம்ப முடியாது. அதற்குப் பதில் ஸ்லீப்பர் கட்டைகளை எண்ணுங்கள். பழைய பிரிட்டிஷ் பாதையில் 60 அடி தண்டவாளத்துக்கு 24 ஸ்லீப்பர் என்பது பரவலான கணக்கு, ஒன்றுக்கொன்று இரண்டரை அடி. 1 மைல் வேகம் என்பது விநாடிக்கு ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. ஆக ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்லீப்பர் கடந்து அடுத்தது வர ஒன்றே முக்கால் விநாடி ஆனால் 1 மைல், ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைந்தால் 2 மைல். பெட்டியைத் தொடும்போது இருக்க வேண்டியது அந்த முதல் வேகம். பாதையில் மூட்டுச் சத்தம் சரியாகப் பதிவாகியிருந்தால் 15 மைலில் இரண்டு 'டக்'களுக்கு நடுவே 2.7 விநாடி இருக்கும். உச்ச வேகத்தை மீறுகிறோமா என்று முள்ளைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது நிறுத்தும் கணக்கு. 10 நிலக்கரி வேகன்கள், 16 டன் ஏற்றும் பழைய இரும்பு வகை, பாரத்தோடு ஒவ்வொன்றும் 24 டன். வேகன்களில் லோகோவிலிருந்து இயக்கும் தொடர் பிரேக் கிடையாது, மூன்று வளையக் கப்ளிங் மட்டும். பாரம்பரிய ரயில்வேக்களில் காட்சிக்காக ஓட்டும் சரக்கு வண்டிகள் இப்படித்தான் இருக்கும். லோகோவோடு மொத்தம் 289 டன். 08-இன் பிரேக் விசை தாளில் 19 டன், ஆனால் 49 டன் எடைக்கு அது 0.39 பிடிப்புக் கேட்கும், தண்டவாளம் அவ்வளவு தராது. 0.15 பிடிப்பு என்று வைத்தால் கையில் கிடைப்பது 7 டன் சொச்சம்தான். சமதளத்தில் 10 மைலில் இருந்து நிற்க 40 மீட்டர், 5 மைலில் இருந்து 10 மீட்டர். 100-க்கு 1 இறக்கத்தில் அதுவே 66, 17 மீட்டர். இறக்கமும் ஈரமும் சேர்ந்து பிடிப்பு 0.10-க்கு வந்துவிட்டால் 10 மைலில் இருந்து நிற்க கிட்டத்தட்ட 146 மீட்டர், அதாவது ஏழு பயணிகள் பெட்டி நீளம். உருளும்போது வரும் தடையைச் சேர்க்காத கணக்கு இது, அதனால் கொஞ்சம் குறையும். ஆனால் பிரேக் சிலிண்டரில் காற்று நிரம்ப இரண்டு விநாடி பிடித்தாலே 10 மைலில் 9 மீட்டர் கூடிவிடும், இரண்டும் கழிந்துபோகும்.

சைடிங்குக்குள் 5 மைலுக்கு மேல் போகாதே என்று சொல்வதன் அர்த்தம் இதுதான். வேகம் பாதியானால் தூரம் கால்வாசி ஆகிறது.

மூன்று வளையக் கப்ளிங்கில் ஒவ்வொரு வேகனுக்கும் இடையே தளர்வு இருக்கும். லோகோ பிரேக்கைச் சட்டென்று இழுத்தால் முதல் வேகன் பஃபரில் முட்டும், பின்னால் இருப்பவை ஒவ்வொன்றாக வந்து முட்டும், கடைசியில் மொத்தப் பாரமும் சேர்ந்து நின்ற லோகோவைத் தள்ளும். நின்றுவிட்டோம் என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு மீட்டர் நகர்ந்திருப்பீர்கள். பரிகாரம் எளிது: முதலில் மிக லேசாகப் பிரேக் போட்டு பஃபர்கள் எல்லாம் நெருங்கும்வரை காத்திருந்து, பிறகு அழுத்துவது. கிளம்பும்போது தலைகீழ். முதல் வேகன் அசைந்ததும் கூடுதலாகத் திறக்காமல், கடைசி வேகன் இழுபடும் 'டங்' சத்தம் வரும்வரை நடை வேகத்திலேயே போங்கள். ஓபன் ரெயில்ஸில் கப்ளிங் அறுபடும் தேர்வையும் மேம்பட்ட பிடிப்பு மாதிரியையும் விருப்பங்களில் போட்டுவைக்காவிட்டால் இதில் எதுவுமே உணர முடியாது. எல்லாம் ரப்பரால் கட்டியது போல ஓடும்.

பயணிகள் பெட்டிகளுக்கு வேக்கம் பிரேக் உண்டு. நம் ஊர் ரயில்வேயில் பழைய காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வேக்கம், ஸ்க்ரூ கப்ளிங் இரண்டும் புதிதல்ல. காற்றை உறிஞ்சி எடுத்தால் பிரேக் விடும், காற்றை உள்ளே விட்டால் பிடிக்கும். பிரிட்டிஷ் ரெயிலின் வழக்கமான வேக்கம் அளவு, பாதரசக் கணக்கில், 21 அங்குலம். இறுக்கமாக நிறுத்த வேண்டாத இடத்தில் 15 அங்குலத்துக்கு இறக்கினாலே போதும். திரும்ப 21-க்கு ஏறப் பொறுமை வேண்டும். ரேக் நீளமானால் நேரமும் நீளும். முள் ஏறி நிற்காமல் பவர் கொடுத்தால் பிரேக்கோடு சேர்த்து இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே பாரம்பரிய ரயில்வேக்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே எஞ்சின்கள் 21 அல்ல, 25 அங்குலம் இழுக்கும். அப்படி ஒரு எஞ்சின் கொண்டுவந்து விட்ட ரேக்கில் பிறகு 08 போய் மாட்டுகிறது என்று வையுங்கள். பெட்டியின் பிரேக் சிலிண்டரில் பிஸ்டனுக்கு மேலறையில் 25 அங்குல வேக்கம் அடைபட்டிருக்கும். 08-ஆல் ரயில் குழாயை 21 வரைதான் கொண்டுவர முடியும். மீதி 4 அங்குல வித்தியாசம் பிஸ்டனைத் தூக்கியபடியே இருக்கும், பிரேக் கட்டை சக்கரத்தை உரசிக்கொண்டே வரும். குழாயில் மொத்தக் காற்றையும் விட்டு மறுபடி இழுத்தாலும் தீராது, மேலறைக்கு அது போய்ச் சேராது. ஒவ்வொரு பெட்டியாக நடந்து போய் விடுவிப்புக் கயிற்றை இழுத்து மேலறையைக் காலியாக்குவதுதான் வழி. பெரும்பாலான சிமுலேட்டர் மாடல்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் காட்சித் திட்டம் (சிமுலேட்டரில் ஓட்டுவதற்கான சினாரியோ) எழுதுகிறவர்கள், கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின் கழன்றபின் 08 மாட்டுவதற்கு நடுவில் நாலைந்து நிமிடம் ஒதுக்கினால் நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

கடைசி நிலையத்தில் ஒரு முழு வேலையை வரிசையாகப் பார்ப்போம். சாமர்செட்டில் மைன்ஹெட் வரை போகும் வெஸ்ட் சாமர்செட் ரெயில்வேயை எடுத்துக்கொள்ளலாம். 1971-இல் மூடப்பட்டு, 1976-இல் மைன்ஹெட்டிலிருந்து ப்ளூ ஆங்கர் வரை திறக்கப்பட்டு, பிறகு பிஷப்ஸ் லிடியார்ட் வரை நீண்ட பாதை. டிரெயின் சிம் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரிலும் இந்தப் பாதை கிடைக்கிறது. ஆறு மார்க் 1 பெட்டிகளோடு (பிரிட்டிஷ் ரெயிலின் பழைய பயணிகள் பெட்டி வகை) வந்த வண்டி முட்டுச் சந்தில் நிற்கிறது, எஞ்சின் பஃபர் ஸ்டாப் பக்கம். 08 மறுமுனையில் மாட்டி ரேக்கை சைடிங்குக்கு இழுக்க வேண்டும்.

முதலில் ரேக் நகராது என்று உறுதிசெய்ய வேண்டும்: கார்டு பகுதியில் கைப்பிரேக். பிறகு 08 நெருங்கி, ஆறடி இடைவெளியில் முழுக்க நிற்கும். இது தயக்கத்தினால் அல்ல. நின்று பார்த்தால்தான் பெட்டியின் பக்கீ கப்ளர் (தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளிங்) கீழே மடக்கி, கொக்கி வெளியே தெரிகிறதா, பஃபர்கள் நீட்டிப் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று ஷண்டர் சரிபார்க்க முடியும். மார்க் 1 பெட்டிகள் தமக்குள் பக்கீயில் இணையும்போது பஃபர் உள்ளே போயிருக்கும். 08-க்கு ஸ்க்ரூ கப்ளிங்கும் நீண்ட பஃபரும் வேண்டும். சிமுலேட்டர் இந்த மாற்றத்தை நமக்காகச் செய்துவிடுகிறது, ஆனாலும் அந்த நிறுத்தத்தை விடாதீர்கள். கடைசி ஆறடியை லோகோ பிரேக்கைத் தளர்த்தி, ஒரு சொட்டுப் பவரில், ஸ்லீப்பர் கணக்கில் 1 மைலுக்குள் முடிக்க வேண்டும். பஃபர் தொட்டதும் இன்னும் கொஞ்சம் அழுத்தி நெருக்கிப் பிடித்தால்தான் ஸ்க்ரூவைக் கொக்கியில் போட முடியும். கப்ளிங் மாட்டிய பிறகுதான் வேக்கம் ஹோஸ், அதாவது பிரேக் குழாய். அவிழ்க்கும்போது ஹோஸ் முன்னால், கப்ளிங் பின்னால். ஆள் இரண்டு வண்டிக்கும் நடுவே இருக்கும் வரை ரிவர்சர் நடுவில், லோகோ பிரேக் முழுக்க, கை பவர் கைப்பிடியில் இல்லாமல்.

மறுமுனையில் வண்டி எஞ்சினைக் கழற்றிவிட்டார்களா என்று நடந்து போய்ப் பாருங்கள், அல்லது கேமராவையாவது அனுப்புங்கள். கழற்றாத எஞ்சினோடு ரேக்கை இழுப்பது சிமுலேட்டரில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஆறு பெட்டி 200 டன் என்று கணக்குப் போட்டுத் திறந்தால் எதுவும் அசையாது, இன்னும் திறந்தால் சக்கரம் வழுக்கும், ஏன் என்று புரியாது.

ஓபன் ரெயில்ஸில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலையாக நிறுத்தி வைக்கப்பட்ட ரேக்குகள் கைப்பிரேக் போட்ட நிலையில்தான் உருவாகும், ஹோஸும் தானாக இணையாது. மாட்டியபின் பின்சாய்கோட்டு விசையால் ஹோஸை இணைத்து, ஷிஃப்ட்டும் அரைப்புள்ளி விசையும் சேர்த்து அழுத்திக் கைப்பிரேக்குகளை விடுவிக்க வேண்டும். ஷிஃப்ட்டோடு முன்சாய்கோடு அழுத்தினால் பிரேக் மொத்தமும் ஒரே நொடியில் தயாராகிவிடும். அது குறுக்கு வழி, வேக்கம் ஏறும் நேரத்தை விழுங்கிவிடும். எஃப்9 பட்டியலில் ஒவ்வொரு பெட்டியின் கைப்பிரேக்கும் ஹோஸும் தனித்தனியாகத் தெரியும், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அதில் பாருங்கள்.

பாயிண்ட்ஸ், அதாவது வண்டியை வேறு பாதைக்குத் திருப்பும் தண்டவாள அமைப்பு, விஷயத்தில் ஓபன் ரெயில்ஸ் கொஞ்சம் முரட்டுத்தனம். தானியங்கி முறையில் உங்கள் பாதைக்கு வெளியே பாயிண்ட்ஸை மாற்றவே விடாது. வண்டியை நிறுத்திவிட்டு கன்ட்ரோலும் எம் விசையும் அழுத்தி கைமுறைக்கு மாற வேண்டும். அதன்பின் ஜி விசை முன்னால் இருக்கும் பாயிண்ட்ஸை மாற்றும், ஷிஃப்ட்டோடு ஜி பின்னால் இருப்பதை. சிக்னலைத் தாண்ட டேப் அழுத்தி அனுமதி கேட்க வேண்டும். தவறான பக்கம் திரும்பியிருக்கும் பாயிண்ட்ஸுக்குள் பின்பக்கமாக நுழைந்தால் வண்டியைக் கட்டுப்பாடிழந்த நிலைக்குத் தள்ளி அவசரப் பிரேக் போட்டுவிடும். ஷண்டிங்கில் பாதி நேரம் வண்டி பின்னால்தான் போகிறது, முன்பக்கக் கேபினில் உட்கார்ந்து ஜி விசையை அழுத்திக்கொண்டிருந்தால் மாறுவது வேறு பாயிண்ட்ஸாக இருக்கும். எஃப்8 சாளரத்தைத் திறந்து வைத்து, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

தரையோரம் இருக்கும் வட்ட ஷண்டிங் சிக்னல்களில் வெள்ளை வட்டத்தில் சிவப்புக் கோடு குறுக்காகக் கிடந்தால் நில், 45 பாகை சாய்ந்தால் போ. மஞ்சள் கோடு இருந்தால் மட்டும் ஒரு சலுகை: அது சாய்ந்து காட்டாதபோதும், அது கட்டுப்படுத்தாத பாதைக்கு, வழக்கமாக ஒரு முட்டுப் பாதைக்கு, பாயிண்ட்ஸ் திரும்பியிருந்தால் தாண்டிப் போகலாம். இதைத் தெரியாமல் மஞ்சளுக்கு முன்னால் பத்து நிமிடம் காத்துக்கிடப்பவர்கள் நிறைய.

08-ஐப் பாதையில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு வாஷ்ஃபர்ட் ஏற்றம் நல்ல சோதனை. ப்ளூ ஆங்கரிலிருந்து வாஷ்ஃபர்டுக்கு 65-க்கு 1. மார்க் 1 பெட்டி ஒன்று 33 டன் என்று வைத்தால், ஐந்து பெட்டிக்கு லோகோவோடு 214 டன். ஏற்றத்துக்கும் உருளும் தடைக்கும் சேர்த்து 9,000 பவுண்டுக்குச் சற்று மேல் வேண்டும், வண்டி 10 மைலை ஒட்டிப் போகும். அம்மீட்டர் கவலைப்படத் தேவையில்லாத இடத்தில் நிற்கும். எட்டுப் பெட்டி என்றால் 313 டன், 13,300 பவுண்டு, வேகம் 7 மைலுக்கு இறங்கும். 11,100 என்ற எல்லையை மீறிவிட்டதால் மோட்டார் சூடேறிக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் தாங்கும், ஏற்றம் முழுக்க நம்பக் கூடாது. மோட்டார் சூட்டைக் கணக்கிடாத மாடலில் நீங்கள் சிரித்துக்கொண்டே மேலே போய்விடலாம், அது வேறு.

இதே பல்சக்கர விகிதம் வேறு இடத்தில் கடிக்கும். 08-ஐ எஞ்சின் அணைத்து வேறு வண்டியின் கடைசியில் கட்டி 25 மைலில் இழுத்துப்போகும் காட்சித் திட்டங்கள் நிறையப் பார்க்கலாம். நாலரை அடிச் சக்கரம் 15 மைலில் நிமிடத்துக்கு 93 சுற்று. விகிதம் 23.9-க்கு 1 என்பதால் மோட்டார் அப்போதே 2,200 சுற்றைத் தாண்டிச் சுற்றுகிறது. 25 மைலில் 3,700. ஆர்மெச்சர் கம்பிகள் மையவிலக்கு விசையில் பிய்ந்து வெளியே வரும் வேகம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. திட்டம் எழுதும்போது இழுக்கும் வண்டிக்கே 15 மைல் வரம்பு போடுங்கள், இல்லையென்றால் 08-ஐ அதில் சேர்க்காதீர்கள். குளிர்காலத் திட்டம் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: 08-இல் ரயிலைச் சூடாக்கும் கொதிகலன் கிடையாது. காலையில் ரேக்கை நடைமேடைக்குக் கொண்டுவருவதோடு அதன் வேலை முடிந்தது. பெட்டிகள் சூடாவதற்கு நீராவி எஞ்சினோ கொதிகலன் உள்ள வேறு டீசலோ முன்னதாகவே வந்து மாட்டியிருக்க வேண்டும். அதற்கு அரைமணி சேர்த்து நேரம் எழுதுங்கள்.

விசைப்பலகையை விட்டு லீவர் வாங்க நினைப்பவர்கள், ரெயில்டிரைவர் என்ற சிமுலேட்டர் கட்டுப்பாட்டு மேசையில் இருக்கும் நான்கு லீவர்களில் லோகோ பிரேக்குக்கு உரியதை முதலில் சரியாக அளவீடு செய்யுங்கள். சாதாரண விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தாலும் போதும், அதன் ஒரு அச்சை லோகோ பிரேக்குக்கு ஒதுக்கிவிட்டு பவரை விசைப்பலகையிலேயே வைத்துக்கொள்ளலாம். பவரை நாலு படியில் தட்டினாலும் வேலை நடக்கும். பிரேக்கைப் படிப்படியாகத் தட்டி 1 மைல் வேகத்தில் பஃபரைத் தொடுவது கை வலிக்கும் வேலை.

வேலை முடிந்து சைடிங்கில் விடும்போது: லோகோ பிரேக் முழுக்க, கைப்பிடி மூடி, ரிவர்சர் நடுவில், கைப்பிரேக்கை இறுக்கி, லோகோ பிரேக்கை ஒரு முறை தளர்த்தி வண்டி நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் மறுபடி போட்டு எஞ்சினை நிறுத்தலாம். எஞ்சின் நின்ற பிறகு காற்று கசிந்து குறையும், சில மணி நேரத்தில் லோகோ பிரேக் இருக்காது, கைப்பிரேக் மட்டும்தான் பிடித்திருக்கும்.